அகலம் இருநூத்தி அஞ்சு

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்களை யாரு அனுப்பிச்சாங்க?

பேப்பர்ல வெளம்பரம் பாத்துட்டு வந்தேங்கறீங்க. சரி, இருக்கட்டும். ஆனா பாருங்க, காரு வாங்க வர்றவன் மொதல்ல இஞ்சினைத்தான் பாப்பான். இல்லைன்னா சீட்டுல உக்காந்து ஸ்டீயரிங்கைப் புடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டுவான். போன வாரம் வந்த ரெண்டு பேரும் அதைத்தான் பண்ணுனாங்க. நீங்க ஷெட்டுக்குள்ள கால் வெச்சதும் நேராக் குனிஞ்சு டயரைப் பாத்தீங்க. பெருவெரல்ல அமுத்திப் பாத்தீங்க. அப்புறம் சட்டைப் பையில இருந்து என்னமோ எடுத்தீங்க, நான் பாக்கறது தெரிஞ்சதும் மறுபடி உள்ள போட்டுட்டீங்க. சாக்பீஸாட்டத் தெரிஞ்சுது. "ஒல்லி டயர் செட்டு ஒண்ணு இருக்குமே, அது எங்கீங்க"ன்னு வேற கேட்டீங்க. வெளம்பரத்துல நான் ஒல்லி டயரைப் பத்தி ஒரு எழுத்துகூடப் போடலீங்களே.

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்குக் காலு ஆடும். இந்தப் பொட்டி மேல உக்காருங்க. ருக்குமணி, ரெண்டு டீ போடு. எம்பட சம்சாரமுங்க. அவகிட்ட எதையும் கேட்டுக்காதீங்க. ஒரு வருசமா சோறு, தண்ணி, டீ, இந்த மூணுக்கு மேல எங்கிட்ட அவ வாயைத் தொறக்கறதில்லை.

எம்பட பேரு தெய்வசிகாமணி. கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கறனுங்க. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கற வேலை, முப்பது வருசமா. பட்டறை வேலையில ஒரு நல்லது என்னன்னா, யாரு என்ன சொன்னாலும் அளந்து பாக்காம நம்ப வேண்டியதில்லை. ஆளுகளையும் நான் அப்படித்தான் பாக்கறது. அது சில பேருக்குப் புடிக்கறதில்லை.

இந்தக் காரு நாங்களே கட்டுனது. கட்டி முடிக்க நாலு வருசம் ஆச்சு. குழாய் வளைச்சு, வெல்டிங் வெச்சு, கூடு முச்சூடும் நான் பண்ணுனது. இஞ்சின் ஒரு பழைய சின்னக் காரோடது. மொத்த எடை ஐநூத்தி இருவது கிலோ. நாலு பேரு புடிச்சா தூக்கி நகத்தி வெச்சர்லாம். அடியில இருக்கற ஸ்பிரிங்கு, டயரு, அந்தப் பக்கத்து வேலை முழுக்க ஆறுச்சாமி. ஆறுச்சாமின்னா எம்பட மச்சினன். ருக்குமணியோட தம்பி. ஒரு லாரி கம்பெனியில இருவத்திரண்டு வருசம் டயர் பாத்தவன். டயரை மோந்து பாத்தே எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு சொல்லுவான்னு ஊருல பேச்சு. நான் நம்புனதில்லை.

ஓட்டறது எம்பட பொண்ணு தாரணி. பதினஞ்சு வயசுல இருந்து அந்தச் சின்னக் கோ-கார்ட் ரேஸ் வண்டி ஓட்டிப் பழகுனவ. இப்ப இருவத்திநாலு. ஊருக்கு வெளிய இருக்கற ட்ராக்குல வருசத்துக்கு ஒரு நாள், வீட்டுல கட்டுன காருங்களுக்குன்னு ஒரு போட்டி வெக்கறாங்க. ஒத்தை ஒத்தைக் காரா ஓட்டோணும், கடியாரம் வெச்சு நேரம் குறிப்பாங்க. யாரு கம்மி நேரத்துல ஓட்டறாங்களோ அவங்களுக்கு ஒரு டீமு அடுத்த வருசம் பூராவும் தன் காரைக் குடுத்து ஓட்டச் சொல்லும். எட்டு வருசமா தாரணி காத்துட்டு இருந்தது அதுக்குத்தான். கல்யாணப் பேச்சு எடுத்தப்பகூட, "அந்த ஒரு சீட்டு கெடைக்கட்டும்பா, அப்புறம் நீங்க யாரைக் காட்டறீங்களோ பாக்கறேன்"னு சொன்னவ.

போன வருசம் ஆவணியில போட்டி. ஆடி மாசம் டயர் வாங்கற பேச்சு வந்துச்சு. அங்கதான் ஆரம்பிச்சுது எல்லாம்.

நான் இருநூத்தி அஞ்சுன்னேன். ஆறுச்சாமி நூத்தி அறுவத்தஞ்சுன்னான். டயரோட பக்கத்துல எழுதியிருக்குமுல்லீங்க, அந்த மொத நம்பரு. மில்லிமீட்டர் கணக்குல அகலம். உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி தலையை ஆட்டறீங்க. பரவால்லை.

நீங்களே சொல்லுங்க, எந்தப் பந்தயக் காருல ஒல்லி டயர் போட்டு நீங்க பாத்திருக்கறீங்க? படத்துல பாருங்க, டிவியில பாருங்க. டயருன்னா இப்படி ரெண்டு கையும் விரிச்சுப் புடிக்கற மாதிரி இருக்கும். அகலமா இருந்தாத்தான் ரோட்டைப் புடிக்கும், இது பச்சைப் புள்ளைக்கும் தெரியும். நான் அதைச் சொன்னதும் ஆறுச்சாமி சிரிச்சான். சிரிச்சுட்டு ஒரு வெளக்கம் குடுத்தான்.

"மாமா, சின்ன அடுப்புல பெரிய தோசைக்கல்லைப் போட்டா கல்லு எப்ப சூடாகும்? நம்ம காரு எடை கம்மி. அகல டயரைச் சூடேத்தற அளவுக்கு இது அமுத்தாது. சூடேறாத ரப்பரு ரோட்டைப் புடிக்காது."

தோசைக்கல்லு, அடுப்புன்னு பேசுனா நான் மயங்கிருவேன்னு நெனைச்சான். அகல டயரு எடையும் எச்சா, காத்தை எதுக்கறதும் எச்சா, மழையில தண்ணிக்கு மேல மெதக்கும், ரப்பரு நல்ல ரப்பரா இருந்தா ஒல்லியே போதும்னு அடுக்கிட்டே போனான். ஒரு மனுசன் ஒரு விசயத்துக்கு ஒரு காரணம் சொன்னா நம்பலாமுங்க. அஞ்சு காரணம் சொன்னான்னா உள்ள என்னமோ இருக்குது.

என்ன இருக்குதுன்னு அடுத்த வாரமே தெரிஞ்சுது. பல்லடத்துக்காரர் கதிரேசன்னு ஒருத்தர், அவரும் அதே போட்டிக்குக் காரு கட்டிட்டு இருந்தாரு. அவரு ஷெட்டு வழியா நான் வர்றேன், வாசல்ல ஆறுச்சாமியோட மொபெட்டு நிக்குது. கதிரேசன் காருல என்ன டயருன்னு நெனைக்கறீங்க? இருநூத்தி அஞ்சு. அவருக்கு மட்டும் அகலம், நமக்கு ஒல்லியா? சாயங்காலம் வந்தவனைக் கேட்டா, நாலு சக்கரத்துலயும் எத்தனை எடை எறங்குதுன்னு பாக்க எடை மெசின் இரவல் வாங்கப் போனேங்கறான். மெசினையும் காட்டறான். மெசினைக் காட்டுனா ஆச்சா? அங்க என்ன பேசுனான்னு மெசினு சொல்லுமா?

கதிரேசன் காரு எடையா? அது எண்ணூத்தம்பது கிலோ, இரும்புல பண்ணுனது. அதுக்கும் இதுக்கும் என்னுங்க சம்பந்தம்?

அப்புறம் ஆறுச்சாமி, பேசிட்டே இருந்தா ஆகாது, போட்டுப் பாத்தர்லாம்னான். சைட்டு பிரிச்சுட்டு வீடு கட்டாமக் கெடக்கற லேஅவுட் ரோடு ஒண்ணு இருக்குது, அங்க கொண்டு போனோம். தெரிஞ்ச கடையில, பாத்துட்டு வேண்டாததைத் திருப்பித் தர்றோம்னு சொல்லி ரெண்டு செட்டும் வாங்கி வந்திருந்தான். அவன் பொண்டாட்டி சாந்தாமணி தையல் கடை வெச்சிருக்கறா. துணியில குறி போடற சாக்பீஸு இருக்குமுல்லீங்க, மூணு மூலை வெச்சு, மஞ்சக் கலருல, அதை எப்பவும் சட்டைப் பையில வெச்சிருப்பான். டயரு மேல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்கால ஒரு கோடு போட்டான். தாரணி நாலு சுத்து ஓட்டிட்டு வந்தா. ரோட்டுல தேய்ஞ்ச எடத்துல கோடு அழிஞ்சிருக்கும், தேயாத எடத்துல அப்படியே இருக்கும். அதுதான் கணக்கு.

ஒல்லி டயருல கோடு சுத்தமா அழிஞ்சு போச்சு. அகல டயரை மாட்டி ஓட்டிட்டு வந்தா, ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு வெரக்கடை மஞ்சக் கோடு அப்படியே நிக்குது. காத்தைக் கொறைச்சு மறுபடி ஓட்டுனா. அப்பவும் ஒரு வெரக்கடை நின்னுச்சு. "பாத்தீங்களா மாமா, இது ரோட்டைத் தொடவே இல்லை. தொடாத டயரை எதுக்குச் சுமந்துட்டுத் திரியோணும்"னான்.

ஆனா நடுவுல எனக்குப் பட்டறையில இருந்து ஒரு போன் வந்துச்சுங்க. ரெண்டு நிமிசம் திரும்பி நின்னு பேசுனேன். அந்த ரெண்டு நிமிசத்துல அவன் மறுபடி கோடு போடலைன்னு என்ன நிச்சயம்? கையில சாக்பீஸு, எதுக்கால டயரு, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன். நீங்களா இருந்தா சந்தேகப்பட மாட்டீங்களா?

தாரணியைக் கேட்டேன். "ஒல்லி டயருல ரோடு கையில தெரியுதுப்பா. அகலத்துல எப்ப வழுக்கப் போகுதுன்னே தெரிய மாட்டேங்குது"ன்னா. அதுவும் மாமன் சொல்லிக் குடுத்த பாட்டுத்தான். பொறந்ததுல இருந்து அவன் தோளுலயே வளந்தவ. காது குத்தறப்ப அவன் மடியில உக்காந்து அழுகாம இருந்தா, எம்பட மடியில உக்காந்தா அழுவா. அப்பன் சொல்றது எப்பக் காதுல ஏறும்?

டீ இன்னும் வரலை பாருங்க. ருக்குமணி. வரும், இருங்க.

நான் இருநூத்தி அஞ்சுக்கே கடையில காசைக் கட்டி மாட்டுனேன். எம்பட ஷெட்டு, எம்பட கூடு, எம்பட பேருல பதிஞ்சது. ஆறுச்சாமி வந்து பாத்தான். சண்டை போடுவான்னு நானும் ரெடியா இருந்தேன். அவன் போடலை. அவங்கக்கா சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தா, அதனாலயோ என்னமோ. "சரிங்க மாமா, அகலமே இருக்கட்டும். காத்து மட்டும் நான் வெக்கறேன், அதுல மட்டும் நீங்க கையை வெக்காதீங்க"ன்னான். நாலு வருசமா எதுக்கெடுத்தாலும் வாதாடற ஆளு ஒரே நிமிசத்துல விட்டுக் குடுக்கறான்னா அதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

போட்டி அன்னிக்குக் காலைல சாரல். பெரிய மழை இல்லை, கண்ணாடியில பொட்டுப் பொட்டா விழுகற மாதிரி. ஆறுச்சாமி ஒவ்வொரு டயராக் குனிஞ்சு உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்தை எறக்கிட்டு இருக்கறான். நான் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கறேன். சொந்த அக்கா புள்ள ஓட்டப் போற காருல காத்தை எறக்கறவனை எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? எறக்கி முடிச்சுட்டு, வால்வு மூடியைத் திருகி, மூடியில இருந்து ரிம்மு வரைக்கும் மஞ்சச் சாக்பீஸுல ஒரு கோடு போட்டான். யாராச்சும் மூடியைக் கழட்டி மறுபடி மாட்டுனா கோடு நேராச் சேராது. கண்டுபுடிச்சர்லாம். லாரி கம்பெனிப் பழக்கம்.

அப்புறம் தாரணியும் அவனும் நம்பர் ஸ்டிக்கர் வாங்க அந்தக் கோடியில இருந்த மேசைக்குப் போனாங்க. நான் மட்டும் காருகிட்ட. காத்து அளக்கற மீட்டரை வெச்சுப் பாத்தேன். பதினெட்டு பவுண்டு. எம்பட ஸ்கூட்டருக்கே இருவத்திரண்டு வெக்கறாங்க. பதினெட்டு பவுண்டுல எம்பட பொண்ணை நூத்தி இருவது கிலோமீட்டர் வேகத்துல அனுப்பறதா? கதிரேசன் அக்கட்டால நின்னு டீ குடிச்சுட்டு எங்களையே பாக்கறாரு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க. எனக்கு வேற எப்படித் தோணும்?

கால் பம்பு எடுத்தேன். நாலுலயும் முப்பத்திரண்டு பவுண்டு அடிச்சேன். நான்தான் அடிச்சேன். மூடியை மாட்டி, அவன் கோட்டைத் தொடைச்சுட்டு, எம்பட பையில இருந்த சாக்பீஸை எடுத்து, அதே எடத்துல அதே மாதிரி கோடு போட்டு வெச்சுட்டேன். பட்டறைக்காரனுக்குக் கோடு நேராப் போடச் சொல்லித் தரணுமா?

இதை நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. நீங்க காரை வாங்கிட்டுப் போயிருவீங்க, அதுக்கப்புறம் உங்களை நான் எங்க பாக்கப் போறேன்.

கேளுங்க. தாரணி ஹெல்மெட்டை மாட்டறா. ஆறுச்சாமி குனிஞ்சு அவ காதுல, "அம்மிணி, மொத ரெண்டு சுத்து மெதுவாப் போ. இது சூடேற நேரமாகும்"னான். எம்பட காதுல நல்லா விழுந்துச்சு. பந்தயத்துல மெதுவாப் போன்னு சொல்றவன் நல்லவனா?

ஆனா அவ மெதுவாத்தான் போனா. மாமன் பேச்சு. மூணாவது வளைவு வரைக்கும் நல்லாப் போச்சு. நாங்க நின்ன எடத்துல இருந்து பாத்தா அந்த வளைவு நல்லாத் தெரியும். சிலேட்டு மேல வழுக்கற மாதிரி காரோட பின்பக்கம் வெலகிப் போச்சு. ரெண்டு சுத்து சுத்துச்சு. ஓரத்துல பழைய டயருங்களை அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதுல போய் மூக்கு குத்தி நின்னுச்சு. நான் ஓடுன ஓட்டம் எனக்குத்தான் தெரியும். செருப்பு ஒண்ணு எங்க விழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

அவளே எறங்கி வந்தா. எடது மணிக்கட்டு ஒடைஞ்சிருந்துச்சு. அழுகலை. எல்லாரும் கையப் புடிக்கப் போறோம், அவ எங்களை வெலக்கிட்டு டயருகிட்டப் போய் உக்காந்தா. வால்வையே சித்த நேரம் பாத்துட்டு இருந்தா. தலை சுத்துதாட்டன்னு நெனைச்சேன். அப்புறம் வலது கையால மீட்டரை வெச்சுப் பாத்துட்டு எந்திரிச்சா.

"முப்பத்திரண்டு இருக்குது. யாரு காத்து அடிச்சது?"

அப்ப எம்பட மூஞ்சியைத்தான் பாத்தா. நான் வாயைத் தொறந்தனுங்க. சத்தியமாத் தொறந்தேன். வார்த்தை வர்றதுக்குள்ள பின்னாடி இருந்து ஆறுச்சாமி சொல்லிட்டான்.

"நான்தான் அம்மிணி. பாத்து அடிக்காம விட்டுட்டேன்."

இப்ப நீங்க சொல்லுங்க. பண்ணாத தப்பை ஒருத்தன் பண்ணுனேன்னு ஏன் ஒத்துக்கோணும்? மடியில கனமில்லாதவன் அப்படிச் சொல்லுவானா? நான் அடிச்சது எனக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கோணும், இல்லைன்னா எதுக்கு முந்திட்டுப் பேசறான்? ஒண்ணு, நான் ஏதாச்சும் சொன்னா அவன் பண்ணுன வேற ஏதோ ஒண்ணு வெளிய வந்துரும்னு பயம். இல்லாட்டி எம்பட பொண்ணு முன்னாடி பெரிய மனுசன் ஆகப் பாத்தான். ரெண்டுல ஒண்ணு. மூணாவது காரணம் என்ன இருக்க முடியும்னு ஒரு வருசமா யோசிக்கறேன், ஒண்ணும் புடிபடலை.

எனக்கு வந்த கோவத்துல, "நீயே ஒத்துக்கிட்டியல்ல, இனி எம்பட வாசப்படி மிதிக்காதே"ன்னு அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிட்டேன். எடை மெசினைத் தூக்கி மொபெட்டுல வெச்சுக் கட்டிட்டுப் போயிட்டான்.

அன்னிக்கு ஜெயிச்சது ஈரோட்டுக்காரங்க காரு. நானூத்தித் தொண்ணூறு கிலோவோ என்னமோ. நூத்தி ஐம்பத்தஞ்சு டயரு, சைக்கிள் டயராட்டம். அது சும்மா குருட்டு அதிர்ஷ்டம். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

தாரணிகிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்களா? சொல்லிருக்கலாம். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். வலியில இருக்கறாளேன்னு விட்டேன். கட்டுப் பிரிச்சதும் சொல்லலாம்னு நெனைச்சேன். அப்ப அந்தச் சீட்டு ஈரோட்டுப் பையனுக்குப் போன சேதி வந்துச்சு, அவ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னு எப்படீங்க சொல்றது? எட்டு வருசம் அவ காத்திருந்ததை எட்டு நிமிசத்துல கால் பம்பு வெச்சுக் கெடுத்தது அவங்கப்பன்னு? பெத்த புள்ள கண்ணு முன்னாடி அப்பன் கொறைஞ்சு போயிரக் கூடாதுங்க. அதுக்கப்புறம் அவன் உசுரோட இருந்து என்ன பண்றது?

தீபாவளி வந்துச்சு, ருக்குமணிக்குத் தம்பி வீட்டுச் சீரு வரலை. பொங்கல் வந்துச்சு, வரலை. ருக்குமணிதான் போட்டி அன்னிக்கே எங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டாளே. தாரணி என்னமோ நல்லாத்தான் இருக்கறா. ரேஸு பேச்சையே எடுக்கறதில்லை. பேங்குல வேலைக்குப் போறா. ஞாயித்துக்கெழமை ஆனா காலைல ஏழு மணிக்கே கெளம்பிருவா, சௌரிபாளையத்துல புள்ளைங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கறாளாம். சாயங்காலம் வெரலெல்லாம் மஞ்சளாச் சாக்பீஸுத் தூளோட, முகமெல்லாம் வெயில்ல கறுத்து வருவா. ஆனா சந்தோசமா வருவா. அதைப் பாக்கறப்பத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். சரி, மறந்துட்டா, எல்லாம் போகட்டும்னு இந்தக் காரையும் வித்தர்லாம்னு முடிவு பண்ணுனேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்களோட வெச்சுக்கோங்க. காரோட மூக்கைச் சரி பண்ணுனதுக்கப்புறம் ஒரு நாளு, வீட்டுல யாரும் இல்லாதப்ப, நானே இதை அந்த லேஅவுட் ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். இதே அகல டயரு. நானே கோடு போட்டேன், நானே ஓட்டுனேன். காத்தையும் எறக்கிப் பாத்தேன், பதினெட்டு. எறங்கிப் பாத்தா ஓரத்துல கோடு நிக்குது. போன் எதுவும் வரலை, பக்கத்துல ஆளும் இல்லை. சாக்பீஸு மட்டமான சாக்பீஸாட்ட இருக்குது. இப்பெல்லாம் கடையில நல்ல சரக்கே வர்றதில்லீங்க.

நம்ப மாட்டீங்களா? இருங்க, இப்பவே காட்டறேன் வாங்க, வால்வுல எப்படிக் கோடு போடறதுன்னு. எம்பட சாக்பீஸு பட்டறையில கெடக்குது. உங்க பையில ஒண்ணு இருந்துச்சல்ல, அதைக் குடுங்க. அட குடுங்க, தின்னுற மாட்டேன்.

இது மஞ்சளா இருக்குது.

மூணு மூலை வெச்சிருக்குது. இது தையல்காரங்க சாக்பீஸாச்சே. உங்களுக்கு இது எங்க கெடைச்சுதுங்க?

நான் அப்பவே கேட்டனல்ல, யாரு அனுப்பிச்சாங்கன்னு. ஆறுச்சாமியா? அவன் ஆளா நீங்க? என்ன தைரியம் அவனுக்கு. நான் அவனை வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னா, அவன் ஆளை விட்டு எம்பட காரையே...

இல்லையா? அவன் அனுப்பலையா? அப்ப யாரு?

தாரணியா?

இருங்க. இருங்க. ஞாயித்துக்கெழமை. மஞ்சத் தூளு. கணக்கு டியூஷனுக்கு எதுக்குங்க தையல் சாக்பீஸு? வெயில்ல கறுத்து வர்றா. புள்ளைங்களை வெயில்லயா உக்கார வெச்சுப் பாடம் எடுக்கறா? ஒரு வருசமா எம்பட கண்ணு முன்னாடி வந்து வந்து கை கழுவுனாளே. ஊருல இருக்கறவன் எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன், வீட்டுல இருக்கற புள்ளையை ஒரு நாளு சந்தேகப்படலையே.

ஆக, அவங்க ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருக்கறாங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவன் ஷெட்டுல பழைய காரு ஒண்ணை வெச்சு ஓட்டிப் பழகறாளா? நீங்களும் கூட ஓட்டறவரா? அடுத்த வாரம் போட்டி, அதுக்கு இந்தக் காரு வேணும், ஒல்லி டயரோட. எங்கிட்ட நேராக் கேட்டா மாமன் பேரு எடுக்க வேண்டி வரும், சண்டை வரும்னு உங்களை அனுப்பிச்சிருக்கறா. சரி, புரியுது.

ஆனா அவன் மேல கோவமில்லையா அவளுக்கு? அவன்தானே ஒத்துக்கிட்டான், காத்து அடிச்சது நான்தான்னு.

என்னுங்க சொல்றீங்க? அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?

வெள்ளைக் கோடு.

ஆமா. எம்பட பையில இருந்தது பட்டறைச் சாக்பீஸு. இரும்புல குறி போடறது. வெள்ளைதான். அவன் கோடு மஞ்சளு. நான் நேராப் போட்டனான்னு பாத்தேனே தவிர... அதைத்தான் அவ உக்காந்து பாத்துட்டு இருந்தாளா? தலை சுத்துதுன்னு நான் நெனைச்சனே. எல்லாந் தெரிஞ்சுட்டே எம்பட மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருக்கறா, யாரு அடிச்சதுன்னு. நான் சொல்லுவேன்னு பாத்திருக்கறா. ஒரு வருசமாப் பாத்துட்டு இருக்கறா. தெனமும் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து, அப்பன் இன்னிக்குச் சொல்லுவான்னு.

கொஞ்சம் இருங்க. கண்ணுல தூசி ஒண்ணுமில்லை, அழுகறேன். பாத்தா பாத்துட்டுப் போங்க.

இப்ப அவ எங்க இருக்கறா? முக்குல, பேக்கரி கிட்டயா? வேன்ல. அவனும் கூட இருக்கறானா? எறங்க மாட்டேங்கறானா? ஆமா, எப்படி எறங்குவான், நான் சொன்ன வார்த்தை அப்படி.

மேல பரணைப் பாருங்க. சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கறது. நாலும் நூத்தி அறுவத்தஞ்சுதான். அந்தக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். குடுக்கலை. ஏன் குடுக்கலைன்னு என்னைக் கேக்காதீங்க.

டீ வந்துருச்சா. வா ருக்குமணி, இங்க வெய்யி. என்ன இது? ரெண்டு டீதானே கேட்டேன். தட்டுல அஞ்சு டம்ளரு இருக்குது. இவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டு...

உனக்கும் தெரியுமா? எல்லாம் தெரியுமா? பரணுல இருக்கற டயருகூடவா?

"ஆறிப் போறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வாங்க."

கேட்டீங்களா? ஒரு வருசம் கழிச்சு வேற பேச்சுப் பேசறா, அதுவும் டீயை வெச்சுத்தான்.

நீங்க வர வேண்டாம், உக்காருங்க. இதை நான் ஒருத்தனாத்தான் போய்ச் சொல்லோணும். அவகிட்ட மொதல்ல, அப்புறம் அவன்கிட்ட. எம்பட செருப்பு எங்க? சரி, வேண்டாம், அப்படியே போறேன்.

டயரெல்லாம் பரணுல இருந்து எறக்கி வெய்யிங்க, மாட்டியும் வெய்யிங்க. காத்துல மட்டும் கை வெச்சராதீங்க. அதை ஆறுச்சாமி வந்து வெக்கட்டும்.